காய்ச்சல் அடங்காத புரோஸ்டேட் தொற்று: டிஃப்யூஷன் எம்ஆர்ஐ எதைக் காட்டியது, எதைக் காட்டவில்லை

ஆண்களின் சிறுநீர்ப்பைக்கு அடியில் இருக்கும் சுரப்பியான புரோஸ்டேட்டுக்கு எம்ஆர்ஐ என்றால் புற்றுநோயைத் தேடும் பரிசோதனை என்ற எண்ணம் மருத்துவர்களிடமே ஆழமாக வேரூன்றிவிட்டது. அதே படங்கள், குறிப்பாகத் திசுவில் தண்ணீரின் அசைவைக் காட்டும் டிஃப்யூஷன் படங்கள், கடுமையான தொற்றின்போது எப்படிக் கைகொடுக்கும் என்பதற்கு இந்த நிகழ்வு நல்ல எடுத்துக்காட்டு. அவை எங்கே தடுமாற வைக்கும் என்பதும் இதே நோயாளியிடம், இதே சுரப்பியின் மறுபக்கத்தில் தெரிந்தது. இரண்டும் ஒரே ஆளிடம் அமைந்ததால்தான் இதை விரிவாகப் பதிவு செய்கிறேன். நான் இந்தச் சிகிச்சைக் குழுவில் கதிரியக்க மருத்துவராக இருந்தவன். நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

பின்னணி

நோயாளிக்கு வயது 61. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மாத்திரை சாப்பிட்டுவந்தாலும் கட்டுப்பாடு சரியில்லை, ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எண்) 9.4 இருந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளாகச் சிறுநீர் மெதுவாகப் போவது, இரவில் பலமுறை எழுந்திருப்பது என்று புரோஸ்டேட் வீக்கத்துக்கான வழக்கமான தொல்லைகளும் இருந்தன. வயசானால் வருவதுதான் என்று அவர் அதற்காக யாரையும் பார்க்கவில்லை.

ஒரு வாரமாகச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அப்புறம் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதியில் உட்கார முடியாத வலி. முதலில் பார்த்த இடத்தில் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனைகளோடு, புரோஸ்டேட் புற்றுநோயைத் தேடப் பயன்படும் பிஎஸ்ஏ பரிசோதனையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். முடிவு 41 என்று மிக அதிகமாக வந்தது. அந்தத் தாளைப் பார்த்த நொடியிலிருந்து குடும்பத்தாருக்குக் காய்ச்சல் இரண்டாம் பட்சமாகிவிட்டது.

எங்களிடம் வந்தபோது அவருக்குச் சிறுநீர் முழுமையாக அடைத்திருந்தது. காய்ச்சல் 39.4 டிகிரி செல்சியஸ், நாடித்துடிப்பு 118, ரத்த அழுத்தம் தாழ்ந்து 100/60. சிறுநீரகம் பாதிக்கப்பட்டால் ஏறும் கிரியேட்டினின் 2.3. சிறுநீரில் சீழணுக்கள் நிறைந்திருந்தன. ஆசனவாய் வழியாக விரலால் மென்மையாகத் தொட்டுப் பார்த்ததிலேயே சுரப்பி வீங்கி, சூடாக, தாங்க முடியாத வலியோடு இருந்தது. அதற்கு மேல் அழுத்திப் பார்க்கவில்லை. இந்த நிலையில் சுரப்பியை அழுத்தினால் கிருமிகள் ரத்தத்தில் கலந்து நிலைமை மோசமாகலாம்.

1999இல் வெளியான, அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் (என்ஐஹெச்) வகைப்பாடு புரோஸ்டேட் அழற்சியை நான்காகப் பிரிக்கிறது: திடீரென வரும் பாக்டீரியா தொற்று, நாள்பட்ட பாக்டீரியா தொற்று, கிருமி கிடைக்காத நாள்பட்ட இடுப்பறை வலி, தொல்லை எதுவும் தராத அழற்சி. இவருக்கு முதல் வகை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்த நோயறிதலுக்கு எம்ஆர்ஐ தேவையும் இல்லை. காய்ச்சல், வலி, சிறுநீர்ப் பரிசோதனை, விரல் பரிசோதனை ஆகியவையே போதும். எம்ஆர்ஐ எந்தக் கேள்விக்காக வந்தது என்பது பின்னால் வரும்.

முதல் ஐந்து நாட்கள்

அடைத்த சிறுநீரை வெளியேற்ற அடிவயிறு வழியாகச் சிறுநீர்ப்பையில் குழாய் வைத்தார்கள். வீங்கியிருக்கும் சுரப்பியின் நடுவே கதீட்டரைத் திணிக்க வேண்டாம் என்பது சிறுநீரக அறுவைச் சிகிச்சை மருத்துவரின் முடிவு. ரத்தமும் சிறுநீரும் கிருமி வளர்ப்புச் சோதனைக்குப் போயின. நுண்ணுயிர்க்கொல்லியான செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி, இன்சுலின், ரத்தநாளம் வழித் திரவம் எல்லாம் அன்றே தொடங்கின.

வயிற்று அல்ட்ராசவுண்டில் சுரப்பி பெரிதாகியிருப்பது தெரிந்தது. உள்ளே சீழ் இருக்கிறதா என்று அதில் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் நாள் வளர்ப்புச் சோதனை முடிவு வந்தது. ஈ.கோலை; அதுவும் பல நுண்ணுயிர்க்கொல்லிகளைச் சிதைக்கும் ஈஎஸ்பிஎல் நொதி சுரக்கும் வகை. செஃப்ட்ரியாக்ஸோன் அதனிடம் பலிக்காது. உடனே மெரோபெனமுக்கு மாற்றினார்கள். காய்ச்சல் ஏன் இறங்கவில்லை என்பதற்கு விடை கிடைத்துவிட்டது போலத் தோன்றியது. இந்த இடத்தில் பொறுத்திருந்து பார்த்தது சரியான முடிவுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். தவறான மருந்தில் இருந்த நோயாளிக்குச் சரியான மருந்து கிடைத்ததும், அது வேலை செய்ய அவகாசம் கொடுத்தாக வேண்டும்.

ஆனால் 48 மணி நேரம் கடந்தும் மாலைதோறும் 38.6 வரை காய்ச்சல் ஏறியது. அழற்சியின் அளவைக் காட்டும் சிஆர்பி 240இலிருந்து 210க்குத்தான் வந்திருந்தது. நடுக்கம் நின்றிருந்தது, ரத்த அழுத்தம் சீராகியிருந்தது, கிரியேட்டினின் 1.9க்கு இறங்கியிருந்தது. அதாவது மருந்து கிருமியைத் தொடுகிறது, ஆனால் எங்கோ ஓரிடத்தை எட்டவில்லை. கிருமிக்கு ஏற்ற மருந்து போய்க்கொண்டிருந்தும் இரண்டு நாளில் காய்ச்சல் அடங்கவில்லை என்றால் சுரப்பிக்குள் சீழ்க்கட்டியைத் தேட வேண்டும். சர்க்கரை நோயாளி, சிறுநீர் அடைப்பு உள்ளவர் என்றால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்க வேண்டும்.

ஏன் எம்ஆர்ஐ, ஏன் டிஃப்யூஷன்

சீழ்க்கட்டியைத் தேட மூன்று வழிகள் எங்கள் முன் இருந்தன.

ஆசனவாய் வழி அல்ட்ராசவுண்ட் எளிது, விரைவானது. ஆனால் விரலையே தாங்காத சுரப்பியின் மேல் கருவியை வைத்து அழுத்த வேண்டும். தவிர, சீழ் இன்னும் முழுதாகத் திரளாத நிலையில் வீங்கிய திசுவும் சீழும் அதில் ஒன்றுபோலவே தெரியலாம்.

சிடி ஸ்கேனில் சீழ்க்கட்டியைத் தெளிவாகப் பார்க்க, திசுக்களைப் பிரித்துக்காட்ட ரத்தநாளத்தில் செலுத்தும் மாறுபாட்டு மருந்து வேண்டும். கிரியேட்டினின் 1.9 இருக்கிற, இப்போதுதான் தேறிவரும் சிறுநீரகத்துக்கு அதைக் கொடுக்க யாரும் விரும்பவில்லை. அந்த மருந்து இல்லாத சிடியில் புரோஸ்டேட்டின் உட்பகுதி ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாகத்தான் இருக்கும்.

எம்ஆர்ஐயில் அதற்கான மாறுபாட்டு மருந்தான காடோலினியம் செலுத்தினால் சீழ்க்கட்டியின் சுவர் வளையம்போல ஒளிரும், நடுப்பகுதி இருண்டிருக்கும். ஆனால் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பில் அதையும் தவிர்க்க முடிந்தால் நல்லது. டிஃப்யூஷன் படம் இங்கேதான் உதவுகிறது. அதற்கு எந்த மருந்தும் செலுத்த வேண்டியதில்லை. உடம்பில் இருக்கும் தண்ணீரே போதும்.

அதன் அடிப்படை இதுதான். தண்ணீர் மூலக்கூறுகள் சும்மா இருப்பதில்லை; வெப்பத்தால் எல்லாத் திசையிலும் ஓயாமல் அலைகின்றன. காந்தப்புலத்தில் ஒரு சாய்வுத் துடிப்பை (புலத்தின் வலிமையை இடத்துக்கு இடம் சற்று மாற்றும் குறுகிய துடிப்பு) கொடுத்து, சற்றுப் பொறுத்து அதற்குச் சமமான எதிர்விளைவு தரும் இன்னொன்றைக் கொடுத்தால், இருந்த இடத்திலேயே இருக்கும் மூலக்கூறுக்கு இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும். அதன் சமிக்ஞை அப்படியே இருக்கும். இடையில் நகர்ந்துவிட்ட மூலக்கூறு சமிக்ஞையை இழக்கும். இந்தத் துடிப்புகளின் வலிமையைக் குறிக்கும் எண்தான் பி மதிப்பு. பி மதிப்பு கூடக்கூட, சுதந்திரமாக ஓடும் தண்ணீர் இருளும். ஓட முடியாத தண்ணீர் ஒளிரும். தண்ணீரில் விழுந்த மைத்துளி நொடியில் பரவும், கெட்டிப் பசையில் விழுந்த துளி விழுந்த இடத்திலேயே நிற்கும். சீழ் அந்தப் பசையைப் போன்றது. வெள்ளணுக்கள், இறந்த செல்கள், புரதம், கிருமிகள் எல்லாம் நெருக்கியடித்துக் கிடப்பதால் அங்கே தண்ணீருக்கு அசைய இடம் இல்லை.

மூளைச் சீழ்க்கட்டியைக் கண்டறிய இந்த முறை ஏற்கெனவே நன்றாகப் பயன்பட்டுவருகிறது. நடுவில் அழுகிய புற்றுக்கட்டிக்கும் சீழ்க்கட்டிக்கும் வேறுபாடு காண அங்கே முதலில் பார்ப்பது டிஃப்யூஷன் படத்தைத்தான். புரோஸ்டேட்டிலும் அதே இயற்பியல்தான் வேலை செய்கிறது.

படம் எடுத்தபோது

ஐந்தாம் நாள் மாலை எம்ஆர்ஐ எடுத்தோம். வலியோடு இருப்பவரை நெடுநேரம் குழாய்க்குள் படுக்க வைக்க முடியாது. அதனால் மூன்று தளங்களில் டி2 படம் (திரவம் வெளுப்பாகத் தெரிவது), ஒரு டி1 படம் (பழைய ரத்தக் கசிவு வெளுப்பாகத் தெரிவது), அப்புறம் பி 50, 800, 1400 என்ற மதிப்புகளில் டிஃப்யூஷன் என்று சுருக்கிக்கொண்டோம்.

முதல் தடவை எடுத்த டிஃப்யூஷன் படம் பயன்படவில்லை. மலக்குடலில் நிறைய வாயு இருந்ததால் சுரப்பியின் பின்பகுதி இழுபட்டுக் கோணலாகத் தெரிந்தது. டிஃப்யூஷனுக்குப் பயன்படுத்தும் அதிவேகப் படமுறை, காற்றும் திசுவும் சந்திக்கும் எல்லையில் இப்படித்தான் சிதையும். தொற்றும் புற்றுநோயும் அதிகம் வரும் வெளிப்புற மண்டலமோ மலக்குடலை ஒட்டியே இருக்கிறது. ஆகவே சிதைவு நமக்கு வேண்டிய இடத்திலேயே விழுகிறது. எனிமா கொடுக்கலாமா என்று ஒரு பேச்சு வந்தது; அந்த வலியில் வேண்டாம் என்று விட்டோம். படப்பிடிப்புத் தொழில்நுட்பர் அவரைப் பொறுமையாக எழுப்பிக் கழிவறைக்குப் போய்வரச் செய்தார். திரும்பி வந்து எடுத்த படம் சுத்தமாக இருந்தது. இந்தச் சின்னப் பொறுமை இல்லாமல் போயிருந்தால் கோணல் படத்தை வைத்து ஏதாவது ஒரு அறிக்கை எழுதப்பட்டிருக்கும். அந்தத் தொழில்நுட்பருக்கு இந்த நோயறிதலில் பெரும் பங்கு உண்டு.

படங்களில் தெரிந்தவை

ஏடிசி என்பது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பி மதிப்புகளில் சமிக்ஞை எவ்வளவு குறைந்தது என்பதைக் கணக்கிட்டுப் பெறும் எண். தண்ணீர் எவ்வளவு தாராளமாக நகர்கிறது என்பதை அது சொல்லும். கீழே வரும் எண்கள் எல்லாம் வினாடிக்குச் சதுர மைக்ரோமீட்டர் கணக்கில். உடல் வெப்பநிலையில் தூய தண்ணீருக்கு இது ஏறக்குறைய 3000. ஆரோக்கியமான வெளிப்புற மண்டலத்தில் பெரும்பாலும் 1500க்கு மேல் இருக்கும். புற்றுநோய்ப் பகுதிகளில் பல 750 முதல் 900 என்ற எல்லைக்குக் கீழே இருக்கும். கருவிக்குக் கருவி, அமைப்புக்கு அமைப்பு இவை மாறும் என்பதால் எந்த எண்ணையும் கல்லில் எழுதியதாகக் கொள்ளக் கூடாது.

சுரப்பியின் கொள்ளளவு 68 மி.லி. வெளிப்புற மண்டலம் வழக்கமாக டி2 படத்தில் பளிச்சென்று இருக்க வேண்டியது. இவருக்கு இரண்டு பக்கமும் மங்கிப் பரவலாக இருண்டிருந்தது. ஏடிசி அங்கே 1150 அளவில். எல்லை இல்லாமல், ஒரே சீராக, மிதமாகக் குறைந்த இந்தத் தோற்றம் அழற்சிக்குப் பொருந்துவது. அதில் வியப்பு இல்லை.

வலப்பக்கத்தில், வெளிப்புற மண்டலமும் சிறுநீர்ப் பாதையைச் சுற்றியுள்ள இடைநிலை மண்டலமும் சேரும் இடத்தில், 23 x 20 x 18 மி.மீ. அளவில் ஒரு பகுதி டி2 படத்தில் வெளுப்பாக இருந்தது. வெளுப்பு என்றால் திரவம் என்று மட்டும்தான் டி2 சொல்லும். என்ன திரவம் என்று சொல்லாது. பி 1400 படத்தில் அது விளக்கு வைத்தாற்போல் ஒளிர்ந்தது. ஏடிசி படத்தில் கறுத்துப்போயிருந்தது, மதிப்பு 520.

இந்த முடிவை உறுதிப்படுத்த வெளியே எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய திரவங்கள் அதே படத்திலேயே இருந்தன. இடைநிலை மண்டலத்தில், பழைய வீக்கத்தால் உண்டான 8 மி.மீ. நீர்க்கட்டி ஒன்று இருந்தது. டி2 படத்தில் அதுவும் வெளுப்புத்தான். வலப்பக்கத்துப் பகுதியை விடக் கூடுதலாகவே வெளுத்திருந்தது. ஆனால் பி 50இல் ஒளிர்ந்த அது பி 800இல் மங்கி, பி 1400இல் காணாமலேயே போய்விட்டது. ஏடிசி 2600. மேலே சிறுநீர்ப்பையில் இருந்த சிறுநீரும் அதேபோல பி 1400இல் இருண்டது. வலப்பக்கத்துத் திரவம் மட்டும் மங்க மறுத்தது. அது சாதாரண நீராக இருக்க வழியில்லை.

ஏடிசி படத்தை ஏன் கூடவே பார்க்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். டி2 சமிக்ஞை மிக அதிகமாக உள்ள ஒன்று, தண்ணீர் ஓட்டம் தடைபடாமலேயே டிஃப்யூஷன் படத்தில் ஒளிர்ந்து ஏமாற்றக்கூடும். அப்படிப்பட்டது ஏடிசியில் இருளாது. இரண்டும் ஒத்துப்போனால்தான் உண்மையான தடை. இங்கே ஒத்துப்போனது. டி1 படத்தில் அந்த இடம் வெளுக்கவில்லை, ஆகவே பழைய ரத்தக் கசிவாகவும் தோன்றவில்லை. விந்துப்பைகள் பி 1400இல் இருண்டே இருந்தன. சீழ் அங்கே பரவவில்லை. சுரப்பியின் உறையும் உடைபடவில்லை.

சீழ்க்கட்டி என்று எழுதினேன். அதில் தயக்கம் இருக்கவில்லை.

இடப்பக்கத்துப் புள்ளி

தயக்கம் வந்தது இன்னொரு இடத்தில். இடப்பக்கம், வெளிப்புற மண்டலத்தின் நடுமட்டத்தில், 11 மி.மீ. பகுதி ஒன்று. டி2 படத்தில் இருண்டிருந்தது, ஆகவே அது திரவம் இல்லை. பி 1400இல் ஒளிர்ந்தது. ஏடிசி 780.

காய்ச்சல் இல்லாத ஒருவரிடம் இதைப் பார்த்திருந்தால் புற்றுநோய் ஐயம் என்று எழுதிப் பயாப்ஸிக்கு (திசுத் துண்டு எடுத்துச் சோதிப்பது) பரிந்துரைத்திருப்பேன். டிஃப்யூஷன் படம் தண்ணீர் எங்கே அசைய முடியவில்லை என்பதைத்தான் சொல்கிறது. ஏன் அசைய முடியவில்லை என்பதைச் சொல்வதில்லை. புற்றுநோய்ச் செல்கள் நெருங்கி வளர்ந்தாலும் அசைய முடியாது. அழற்சிச் செல்கள் ஓரிடத்தில் திரண்டாலும் அசைய முடியாது. காசநோயிலும், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குப் பிசிஜி மருந்து செலுத்தியவர்களிடமும் வரும் குருணை வகை அழற்சியில் ஏடிசி புற்றுநோய் அளவுக்கே இறங்கிவிடும். படத்தை மட்டும் வைத்து அதைப் பிரிப்பது மிகக் கடினம். இவருக்கு அந்த இரண்டு வரலாறும் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

அழற்சியின் பக்கம் சாய்வதற்கும் காரணங்கள் இருந்தன. அந்தப் பகுதி உருண்டையாக இல்லாமல் உறையை நோக்கி விரிந்து, ஒருவித ஆப்பு வடிவத்தில் இருந்தது. ஓரங்கள் கூர்மையாக இல்லை. சுற்றிலும் உள்ள திசுவும் நோயுற்றிருந்தது. ஆனால் 780 என்ற எண் அங்கே இருக்கத்தான் செய்தது. அதை எழுதாமல் விட முடியாது.

பை-ராட்ஸ் (புரோஸ்டேட் எம்ஆர்ஐயில் புற்றுநோய் ஐயத்தை 1 முதல் 5 வரை தரப்படுத்தும் அளவுகோல்) மதிப்பெண் எதையும் அந்தப் பகுதிக்கு நான் கொடுக்கவில்லை. 2019இல் வந்த 2.1 பதிப்பு வரை, அந்த அளவுகோல் குறிப்பிடத்தக்க புற்றுநோய் இருக்கும் வாய்ப்பைச் சொல்வதற்காக உருவானது. சீழ் கட்டி நிற்கும் சுரப்பியில் அதை வைத்து 4 அல்லது 5 என்று எழுதினால், அந்த எண் நோயாளியின் கோப்பில் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே 41 என்ற ஒரு எண்ணோடு அந்தக் குடும்பம் படும் பாடு போதாதா? அறிக்கையில் இப்படி எழுதினேன்: "இடப்பக்கப் பகுதியில் தண்ணீர் ஓட்டம் தடைபட்டுள்ளது. தற்போதைய தீவிரத் தொற்றில் அழற்சிக்கே வாய்ப்பு அதிகம். புற்றுநோயை இந்தப் படத்தால் விலக்க முடியாது. தொற்று முழுதும் குணமான பிறகு மூன்று மாதத்தில் மீண்டும் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும்."

எடுத்த முடிவுகள்

சீழை எடுப்பதில் இரண்டு கருத்து இல்லை. ஒரு செ.மீ.க்குக் குறைவான கட்டி என்றால் மருந்தை மட்டும் நம்பிப் பார்க்கலாம். 23 மி.மீ. கட்டி, சர்க்கரை நோய், சரியான மருந்திலும் அடங்காத காய்ச்சல் என்ற மூன்றும் சேர்ந்தபோது காத்திருப்பதில் பொருளில்லை. சிறுநீர்ப் பாதை வழியாகச் சுரப்பியைச் சுரண்டித் திறந்துவிடுவதும் ஒரு வழி. கட்டி ஒரே அறையாக, ஊசிக்கு எட்டும் இடத்தில் இருந்ததால், விரைப்பைக்குப் பின்னால் உள்ள தோல் வழியாக ஊசி செலுத்தி உறிஞ்சுவது என்று முடிவானது. மலக்குடல் சுவரைத் துளைக்காமல் போகலாம் என்பது அதன் கூடுதல் நன்மை.

விவாதம் நடந்தது இடப்பக்கத்தைப் பற்றி. குழுவில் ஒரு மருத்துவர் கேட்டார்: "எப்படியும் மயக்க மருந்து கொடுக்கிறோம், ஊசியும் போகிறது. இடப்பக்கத்திலும் இரண்டு துண்டு எடுத்துவிட்டால் இன்னொரு தடவை அவரைப் படுக்க வைக்க வேண்டாமே?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. சர்க்கரை நோயாளிக்கு இரண்டாவது மயக்க மருந்து என்பது சிறிய விஷயம் இல்லை. மூன்று மாதம் கழித்து அவர் திரும்பி வருவார் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ஆனாலும் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். கிருமி நிறைந்த சுரப்பியில் கூடுதலாகத் துளைகள் போட்டால், ஐந்து நாளாகப் போராடி நிலைக்குக் கொண்டுவந்த ரத்த அழுத்தம் மறுபடி சரியக்கூடும். கடும் அழற்சியில் உள்ள திசுவை நுண்ணோக்கியில் படிப்பதும் சிக்கலானது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது புற்றுநோயாகவே இருந்தாலும் மூன்று மாதத் தாமதம் அவருடைய சிகிச்சை வாய்ப்பைக் கெடுக்காது. சீழையோ மூன்று நாள்கூட விட்டுவைக்க முடியாது.

நோயாளியின் மகனிடம் இதைச் சொல்லியாக வேண்டியிருந்தது. அவர் முதல் வாக்கியத்திலேயே கேட்டுவிட்டார்: "அப்பாவுக்குக் கேன்சர்தானே டாக்டர்? எங்ககிட்ட மறைக்க வேண்டாம்."

சிறுநீரக அறுவைச் சிகிச்சை மருத்துவர் பதில் சொன்னார்: "மறைக்க ஒன்றும் இல்லை. புற்றுநோய் இல்லாமலேயே, இவ்வளவு கடுமையான தொற்று ஒன்றே பிஎஸ்ஏவை 41 வரைக்கும் ஏற்றிவிடும். இன்றைக்கு அந்த எண்ணை வைத்து ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. படத்தில் இடப்பக்கம் ஒரு இடம் சந்தேகமாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். தொற்று ஆறிய பிறகு அதைப் பார்ப்போம். இன்றைக்கு அவர் உயிருக்கு ஆபத்து வலப்பக்கத்துச் சீழால்தான்."

சந்தேகம் இருப்பதைச் சொன்னதுதான் சரி. தாளில் எழுதியிருப்பதை அவர்கள் எப்படியும் படிப்பார்கள். நாங்கள் சொல்லாமல் விட்டு அவர்களாகப் படித்திருந்தால், அதன்பின் நாங்கள் எது சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அதன்பின் நடந்தவை

ஆறாம் நாள் காலை, மயக்க மருந்து கொடுத்து, அல்ட்ராசவுண்ட் துணையோடு ஊசி செலுத்தினார்கள். எம்ஆர்ஐ இடத்தைக் காட்டியிருந்ததால் தேட வேண்டியிருக்கவில்லை. கெட்டியான சீழ் ஏறக்குறைய 4 மி.லி. வந்தது. உப்புநீரால் அறையைக் கழுவினார்கள். சீழிலும் அதே ஈஎஸ்பிஎல் ஈ.கோலைதான் வளர்ந்தது. காசநோய்க் கிருமிக்கான சோதனையில் எதுவும் இல்லை.

மறுநாள் மாலை காய்ச்சல் வரவில்லை. மூன்று நாளில் சிஆர்பி 60க்கு வந்தது. ஒரு வாரத்தில் கிரியேட்டினின் 1.2. மெரோபெனமை மொத்தம் இரண்டு வாரம் கொடுத்து, கிருமி கட்டுப்படும் என்று சோதனையில் தெரிந்த கோ-டிரைமாக்ஸசோல் மாத்திரைக்கு மாற்றினார்கள். அழற்சி உச்சத்தில் இருக்கும்போது பல நுண்ணுயிர்க்கொல்லிகள் புரோஸ்டேட்டுக்குள் நுழைந்துவிடும். அழற்சி தணியத் தணிய நுழைவு கடினமாகும். அப்போது திசுவுக்குள் நன்றாக ஊடுருவும் மருந்து வேண்டும், கோ-டிரைமாக்ஸசோல் அந்த வகை. பொட்டாசியமும் கிரியேட்டினினும் ஏறாமல் இருக்கின்றனவா என்று வாரந்தோறும் பார்த்தார்கள். மொத்தச் சிகிச்சை ஆறு வாரம்.

சீழ் எடுத்து இரண்டு வாரம் கழித்து ஒரு குறுகிய எம்ஆர்ஐ எடுத்தோம். 23 மி.மீ. அறை 5 மி.மீ.க்குச் சுருங்கியிருந்தது. பி 1400இல் லேசான ஒளிர்வு மட்டும், ஏடிசி 1050. இடப்பக்கத்துப் புள்ளி அப்படியே இருந்தது, ஆனால் ஏடிசி 780இலிருந்து 1010க்கு ஏறியிருந்தது. அளவு மாறாமல் எண் மட்டும் ஏறியதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டோம். சிகிச்சையின் போக்கை டிஃப்யூஷன் படம் உருவ மாற்றத்துக்கு முன்பே காட்டக்கூடும் என்பதை நேரில் பார்த்த தருணம் அது.

வயிற்றுக் குழாயை எடுத்தபின் அவர் தானாகச் சிறுநீர் கழித்தார். புரோஸ்டேட் வீக்கத்துக்கான மாத்திரை தொடங்கியது. இன்சுலினை அவரே போடக் கற்றுக்கொண்டார்.

பிஎஸ்ஏ நான்காம் வாரம் 9.6. மூன்றாம் மாதம் 3.1. அன்றே எடுத்த எம்ஆர்ஐயில் சுரப்பியின் கொள்ளளவு 46 மி.லி.க்குக் குறைந்திருந்தது, பிஎஸ்ஏ அடர்த்தி (பிஎஸ்ஏவைக் கொள்ளளவால் வகுத்த எண்) 0.07. சீழ் இருந்த இடத்தில் சிறிய தழும்பு, டிஃப்யூஷனில் ஒளிர்வு இல்லை. இடப்பக்கத்தில் ஒரு மெல்லிய ஆப்பு வடிவ நிழல் மட்டும் மிஞ்சியிருந்தது. பி 1400இல் அது தெரியவில்லை. ஏடிசி 1290. இப்போது பை-ராட்ஸ் மதிப்பெண் கொடுத்தேன்: 2.

பயாப்ஸி செய்யவில்லை. திசுவை எடுத்துப் பார்க்காததால் இடப்பக்கத்தில் இருந்தது அழற்சிதான் என்று நூற்றுக்கு நூறு நிரூபணம் கிடையாது. எண்கள் மூன்று முறையும் ஒரே திசையில் போனதும், வடிவமும், பிஎஸ்ஏ இறங்கியதும் சேர்ந்து தந்த முடிவு அது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிஎஸ்ஏ பார்ப்பது, ஏறினால் மீண்டும் எம்ஆர்ஐ எடுப்பது என்று நோயாளியோடும் மகனோடும் பேசி முடிவு செய்தோம். அதன்பின் ஓராண்டில் எடுத்த இரண்டு பிஎஸ்ஏவும் 3க்குக் கீழே.

இனி மாறுபவை

காய்ச்சலோடும் சிறுநீர் எரிச்சலோடும் வரும் ஆணுக்குப் பிஎஸ்ஏ பரிசோதனையை வழக்கமான பட்டியலில் சேர்க்கக் கூடாது. அந்த நேரத்தில் வரும் எண் எந்தச் சிகிச்சையையும் மாற்றாது, குடும்பத்தைத்தான் உலுக்கும். வேண்டுமென்றால் தொற்று குணமாகி ஆறு முதல் எட்டு வாரம் கழித்து எடுக்கலாம். எங்களுக்கு நோயாளிகளை அனுப்பும் மருத்துவர்களிடம் இதை எழுதியே தெரிவிக்கத் தொடங்கியிருக்கிறோம்.

புரோஸ்டேட் தொற்றுக்கென்றே ஒரு குறுகிய எம்ஆர்ஐ முறையை வைத்துக்கொண்டோம்: டி2, டி1, மூன்று பி மதிப்புகளில் டிஃப்யூஷன். காடோலினியம் தேவைப்பட்டால் மட்டும். படுக்கையில் ஏறுவதற்கு முன்பே கழிவறைக்குப் போய்வரச் செய்வதும் இப்போது அந்த முறையின் ஒரு பகுதி.

படம் கேட்டு அனுப்பும் படிவத்தில் காய்ச்சல் எத்தனை நாள், எந்தக் கிருமி, எந்த மருந்து எத்தனை நாளாக, காசநோய் அல்லது பிசிஜி வரலாறு உண்டா, அண்மையில் பயாப்ஸி நடந்ததா என்பதையெல்லாம் எழுதச் சொல்கிறோம். வெறுமனே "பிஎஸ்ஏ 41, புற்றுநோயா?" என்று மட்டும் எழுதி வந்திருந்தால், இடப்பக்கத்துப் புள்ளிதான் அறிக்கையின் முதல் வரியாக இருந்திருக்கும்.

எம்ஆர்ஐ நேரத்தைப் பற்றி எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாத, சிறுநீர் அடைத்த நோயாளிக்கு முதல் நாளே டிஃப்யூஷன் எம்ஆர்ஐ எடுத்துவிடலாம் என்பது சிறுநீரக அறுவைச் சிகிச்சைப் பிரிவின் கருத்து. முதல் நாளில் சீழ் திரண்டிருக்காது, படம் தெளிவாக இருக்கிறது என்ற நிம்மதியில் ஐந்தாம் நாள் படம் எடுக்காமல் விட்டுவிடும் ஆபத்து உண்டு என்பது என் கருத்து. இப்போதைக்கு, சரியான மருந்து தொடங்கி 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்காவிட்டால் அன்றே படம் என்ற விதியைப் பின்பற்றுகிறோம். ரத்த அழுத்தம் சரிந்தவர்களுக்கு அந்த 48 மணி நேரமும் காத்திருப்பதில்லை.